தீ வருதுன்னு ஏன் சொல்லல?

பெரியம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது. முடிக்கக் கொஞ்சப் பக்கம்தான் பாக்கி. அந்த இடத்தில் நிறுத்துகிற ஆளே இல்லை அவள். சயான் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“புடிக்கலையா பெரியம்மா?”

“நல்லாத்தான் எழுதியிருக்கான்.” இன்னும் ரெண்டு காய் நறுக்கினாள். “ஏட்டி, நீ என்ன சொல்லிக் குடுத்த?”

என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் யோசித்துத் தயார் செய்துகொண்டு போய்ச் சொன்னது அது. ‘பெரியம்மா, இதுல ஒரு பையன் இன்னொரு பையனை விரும்புவான். ஒரு மாதிரியா இருந்தா மூடி வச்சிடுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.’

“அந்தப் பய இந்தப் பயலப் பிரியமாப் பாக்கான். பாத்துட்டுப் போறான். அதுக்கா எனக்குப் படபடன்னு வரப்போவுது? காருக்குள்ள வச்சுக் கொளுத்துதான் பாரு, தீ வருதுன்னு ஏன் நீ சொல்லல?”

புத்தகம் ஷ்யாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’. 1994இல் வந்த ஆங்கில நாவல். கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அர்ஜி. சின்ன வயதில் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து புடவையைச் சுற்றிக்கொண்டு கல்யாணப்பெண் விளையாட்டு விளையாடுகிறவன். வளர்ந்ததும் கூடப் படிக்கும் சிங்களப் பையன்மேல் காதலாகிறவன். கதை 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில் போய் முடிகிறது. வீடு எரிகிறது. தாத்தாவும் பாட்டியும் இருந்த காருக்குக் கும்பல் தீ வைக்கிறது.

பெரியம்மாவுக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். கட்டிக்கொடுத்தது கொழும்பில்; புறக்கோட்டையில் அவர்களுக்குத் துணிக்கடை இருந்தது. 83க்குப் பிறகு ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, ஊரில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து பம்பாய்க்கு வந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தேன். ‘உங்க ஊர்க் கதை பெரியம்மா’ என்று வேறு சொல்லியிருந்தேன்.

எங்கள் சொந்தத்தில் பழைய கேலி ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் வாசம் பட்டாலே பெரியம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வாள். ரேஷன் கடை வரிசையில் பெரியப்பாதான் டின்னோடு நிற்பார். அந்த டின் வீட்டுக்குள் வராது, பால்கனிக்கு வெளியே கம்பியில் தொங்கும். ‘கொழும்பு மகாராணி’ என்று அம்மா உட்பட எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்குக் கொத்தவரங்காய்க்கு நடுவில்தான் சொன்னாள்: “எதுத்த வீட்டு சிங்களக்காரி எங்கள அவ குளிப்பறையில வச்சுப் பூட்டிட்டா. ரெண்டு ராத்திரி. மண்ணெண்ணெ வாசம் மட்டும் உள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு.” அப்புறம் தேங்காய்த் துருவியை எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

நான் ஏழு வருஷமாக இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்கிறவள். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், திருநர், இன்னும் பெயர் வைத்துக்கொள்ளாதவர்கள் என்று இவர்களின் கதைகள். ஆரம்பித்தது என் சித்தி மகனால். 2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை. ஒருபால் உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377ஆம் பிரிவின் வாலை உச்ச நீதிமன்றம் நறுக்கிய நாள். ஃபோர்ட்டில் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. “அக்கா, நியூஸ் பாத்தியா?” பார்த்தேன் என்றேன். “என்னப் பத்தின நியூஸ்க்கா அது.” அவனுக்கு அப்போது 29 வயது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் “சாப்டியா?” என்று கேட்டேன். அதை இன்னமும் சொல்லிக் காட்டுவான். பேசத் தெரியாதவள் படிக்கவாவது செய்வோமே என்று ஆரம்பித்தேன். செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி வரை ஹார்பர் லைனில், லேடீஸ் டப்பாவில், உட்கார இடம் கிடைத்தால் ஒரு நாளைக்கு இருபது பக்கம்.

பெரியம்மா கதையை அவனிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் விடாமல் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “அப்ப பெரியம்மாகிட்ட என்னப் பத்தி எச்சரிக்கை குடுத்திருக்க” என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. காதலைச் சொல்லி ‘ஜாக்கிரதை’ என்றேன். கொலையைச் சொல்லாமல் விட்டேன். கொலை எல்லாக் கதையிலும் வருவது, அதைச் சொல்ல என்ன இருக்கிறது என்று மனசு தானாகவே கடந்து போயிருக்கிறது. (அந்தத் தை மாதம் அவன் வந்தபோது, ‘எப்பலே கல்யாணச் சாப்பாடு?’ என்ற வழக்கமான கேள்வியைப் பெரியம்மா கேட்கவில்லை. புத்தகம் காரணமா, மூட்டுவலி காரணமா, எனக்குத் தெரியாது.)

புத்தகத்தில் வலிக்கக்கூடியது என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற உள்ளடக்க எச்சரிக்கை என்றதும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதலில் மூக்கைச் சுளித்தவர் மாட்டுங்கா மாமா. ஆறே பேர் கொண்ட வட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு, என் வீட்டு ஹாலில், டீயும் மிக்சரும். மாமா ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர், படிக்காத புத்தகம் கிடையாது. “இதெல்லாம் வாசகனைக் கொழந்தையாக்கற வேலைம்மா. மகாபாரதத்துக்கு முன்னாடி எச்சரிக்கை போடுவியோ?”

மகாபாரதத்துக்கு எதற்கு மாமா போட வேண்டும்? கூத்துப் பார்க்க உட்காருகிற அத்தனை பேருக்கும் இன்றைக்குத் துகிலுரிதல் என்று தெரியும். யார் இழுப்பான், யார் காப்பாற்றுவார் என்று தெரியும். தெரிந்துதான் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் உட்காருகிறார்கள், தெரிந்தும் அழுகிறார்கள். கதை முன்கூட்டித் தெரிந்தால் சுவை போய்விடும் என்ற பயம் நமக்கு நாவலோடு வந்தது. அதற்கு முன்னால் இல்லை. அப்புறம், எங்கள் வீட்டில் இந்த வேலையை அம்மா எப்போதோ செய்துகொண்டிருந்தாள். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப்படம் வந்தால், முதலில் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமியிடம் ரெண்டே கேள்வி: “சாவு வருதா? கொழந்தைக்கு ஏதாவது ஆவுதா?” குழந்தைக்கு ஆகிறது என்றால் போக மாட்டாள். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் எட்டு மாதத்தில் போய்விட்டான். அதை யாரும் அவளிடம் ‘நீ என்ன குழந்தையா?’ என்று கேட்கவில்லை.

மாமா விடவில்லை. எச்சரிக்கையால் பலனில்லை என்று ஆராய்ச்சியே சொல்கிறதே என்றார். அதுவும் நிஜம்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான உளவியல் கட்டுரை ஒன்று உண்டு. எச்சரிக்கை கொடுத்ததால் படிக்கும்போது வரும் வேதனை குறைவதில்லை. படிப்பதற்கு முன்னால் படபடப்புதான் கூடுகிறது. எச்சரித்தாலும் ஜனங்கள் பெரும்பாலும் படிக்காமல் விடுவதில்லை என்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பெரியம்மாவிடம் பிறகு கேட்டேன்: நான் முன்பே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்க? “என்ன செய்வேன், படிச்சிருப்பேன். மருமவ வீட்ல இருக்கையில, பகல்ல படிச்சிருப்பேன். ராத்திரி ஒத்தையில உக்காந்து படிச்சிருக்க மாட்டேன்.” எனக்கு இந்தப் பதில் போதும். லோக்கல் ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, பார்த்து இறங்கு என்று குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் ரயிலேறாமல் வீட்டுக்குத் திரும்பியதில்லை.

இத்தனை பேசிய நானே அடுத்த தப்பைச் செய்தேன், அதுவும் ஆறு மாதத்துக்குள்.

என் சிநேகிதி மகள், காலேஜில் ரெண்டாம் வருஷம். “சித்தி, பொண்ணும் பொண்ணும் பத்தின புக் ஏதாவது இருக்கா?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். நானும் சும்மா எடுத்துக் கொடுப்பது போல அம்ருதா பாட்டீலின் ‘காரி’யை எடுத்துக் கொடுத்தேன். 2008இல் வந்த சித்திர நாவல். நம் ஊர்க் கதை. மும்பையை அவர் புகைமூட்ட நகரம் என்றே எழுதுவார். படம் போட்ட புத்தகம், கனமாக இருக்காது, பிள்ளை ஒரு மூச்சில் படித்துவிடும் என்று கணக்கு. எனக்கு அந்தப் புத்தகத்திலிருந்து மனசில் தங்கியிருந்தது காரியின் விளம்பர ஆபீஸ் வேலை, கூட்டமாக அடைந்து கிடக்கும் வாடகை வீடு, புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கும் ஏஞ்சல் என்ற பெண்ணோடு அவளுக்கு ஏற்படும் சிநேகம், அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.

ராத்திரி 11 மணிக்கு வாட்ஸப் வந்தது. “சித்தி மொத பக்கமே”. அவ்வளவுதான்.

‘காரி’ எப்படி ஆரம்பிக்கிறது? ஒருவரை ஒருவர் நேசித்த ரெண்டு பெண்கள் கட்டடத்திலிருந்து குதிப்பதில் ஆரம்பிக்கிறது. இரண்டு பேருமே பிழைக்கிறார்கள். ஒருத்தி ஊரைவிட்டே போகிறாள், காரி இங்கே தங்குகிறாள். கதையே அதற்குப் பிறகுதான். படித்துச் சில வருஷம் ஆன எனக்கு அந்தத் தொடக்கம் மங்கி, மற்றதெல்லாம் தெளிவாக இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளையோடு படித்த பெண் ஒருத்தி அதற்கு முந்தின வருஷம்தான் தற்கொலை செய்துகொண்டாள். அதுவும் எனக்குத் தெரியும். மறுபடியும், தெரிந்தும்தான்.

உடனே கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் இருக்கும். மீதி நேரம் அவளுடைய ஹாஸ்டல் சிநேகிதி, மழை, குர்லாவில் தண்ணீர் நின்றது, எதையெதையோ. வைக்கும்போது “நான் படிக்கிறேன் சித்தி, கொஞ்சம் விட்டு” என்றாள். நாலு மாதம் விட்டுப் படித்தாள். ஏஞ்சல் வரும் பக்கங்கள் அவளுக்கும் பிடித்திருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். முழுதும் முடியாவிட்டால் முதல் பத்துப் பக்கமும் கடைசி இருபதும். நம் ஞாபகம் நமக்கு வலித்ததை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். அடுத்தவருக்கு வலிப்பதை அது துடைத்துவிட்டுப் போகிறது. ஸ்டோரிகிராஃப் மாதிரியான தளங்களில் வாசகர்களே ஒவ்வொரு புத்தகத்திலும் என்னென்ன வருகிறது, எவ்வளவு தீவிரமாக வருகிறது என்று மூன்று படியாகப் பிரித்துப் போடுகிறார்கள். நல்ல உதவி. ஆனால் அதைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு தேசத்துக்காரர்கள். அவர்களுக்கு வலிக்கும் இடம் வேறு. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த தூத்துக்குடிக்காரிக்கு என்ன வலிக்கும் என்று அவர்களை எழுதச் சொல்ல முடியுமா?

புத்தகத்தோடு கொடுக்கும் எச்சரிக்கைக் குறிப்பை எழுதும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் ‘மனதைப் பாதிக்கும் காட்சிகள்’ என்று எழுதுவேன். அதற்கு அர்த்தமே கிடையாது. எல்லாப் புத்தகமும் மனதைப் பாதிக்கத்தானே எழுதுகிறார்கள். இப்போது என்ன வருகிறது, எங்கே வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று எழுதுகிறேன். ‘காரி’க்கு இன்று நான் எழுதுவது இப்படி: ‘தற்கொலை முயற்சி, முதல் சில பக்கங்களிலேயே, படமாக. இரண்டு பேரும் பிழைக்கிறார்கள். பிறகு ஒரு பெண் புற்றுநோயில் படுக்கையில் கிடக்கிறாள், கதை நெடுக.’ தற்கொலை என்று வந்தால் கீழே 14416 என்று சேர்த்துவிடுவேன். டெலி-மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். காதலை இந்தக் குறிப்பில் எழுதுவதில்லை. கதை என்ன என்று கேட்டால் அங்கே சொல்கிறேன், ‘ரெண்டு பெண்களின் காதல் கதை’ என்று, மற்றக் காதல் கதைகளைச் சொல்வது போலவே.

ஒரு விஷயம் என் சித்தி மகன் சொல்லித்தான் உறைத்தது. நான் குறிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி அட்டைக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய காரியம் செய்கிற நினைப்பு. அவன் கேட்டான்: “அக்கா, அந்தப் பொண்ணு வீடு எவ்ளோ பெருசு?” ரூம் கிச்சன். அதில் ஐந்து பேர். புத்தகம் டிவி மேல் கிடக்கும், தம்பி எடுப்பான், அம்மா தூசு தட்டுவாள். சீட்டு கீழே விழுந்தால், அதில் என் கையெழுத்தில் ‘பெண்-பெண்’ என்று இருந்தால், அந்தப் பிள்ளை அதுவரை வீட்டில் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன் என்று ஆகாதா? அவள் என்னிடம்கூட எதையும் சொல்லவில்லை, புத்தகம்தான் கேட்டாள். வெறும் சந்தேகமே சில வீடுகளில் காலேஜை நிறுத்தப் போதும். சீட்டு வைப்பதை அன்றோடு விட்டேன். இப்போது நேரில் வாயால் சொல்கிறேன், இல்லையென்றால் போனில், அதுவும் கேட்டுவிட்டு: “எழுதி அனுப்பட்டா, கூப்பிட்டுச் சொல்லட்டா?” புத்தகங்களுக்கெல்லாம் ஸ்கூல் நோட்டுக்குப் போடுவது போல் பழுப்பு அட்டை போட்டுவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் போடுகிறேன், சமையல் புத்தகத்துக்கும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

முடிவைச் சொல்வது பற்றி ஒரு ரயில் கதை. வடாலா தாண்டி வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’வை ரெண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். கதையில்லை, தன்வரலாறு, 2007இல் வந்தது. கைதட்டிக்கொண்டே வந்த திருநங்கை ஒருவர் அட்டையில் தமிழைப் பார்த்துவிட்டு நின்றார். “தமிழா? என்ன புக்கு?” சொன்னேன். அட்டையை இன்னொரு தரம் பார்த்தார். “எங்க ஆளா? கடைசில செத்துருவாளா?”

“இல்லக்கா. அவங்களேதான் எழுதியிருக்காங்க.”

ஒரு நொடி கழித்துச் சிரித்தார். “ஆமால்ல, செத்தா எப்பிடி எழுதுவா!” என் பக்கத்தில் இருந்த குஜராத்திப் பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டதுதான் இந்த வகைப் புத்தகங்களில் எல்லாரும் கேட்கிற கேள்வி. எத்தனை கதைகளில் காதலித்த பாவத்துக்குக் கடைசியில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள், ரயிலில் தள்ளுகிறார்கள், நோயில் சாகடிக்கிறார்கள்! படித்துப் படித்துச் சலித்தவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பதில் தப்பே இல்லை. ஈ.எம்.ஃபார்ஸ்டர் ‘மோரிஸ்’ நாவலை 1913-14இலேயே எழுதிவிட்டார். அது வெளிவந்தது 1971இல், அவர் இறந்த பிறகு. ரெண்டு ஆண்களின் காதலுக்கு மகிழ்ச்சியான முடிவு வைத்தே தீருவேன் என்று வைத்தார். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். அந்த முடிவோடு அச்சுக்குக் கொடுக்க முடியவில்லை. அதே இங்கிலாந்துக்காரன் நம் தலையில் வைத்துவிட்டுப் போனதுதான் 377. ஆகவே ‘யாரும் சாகவில்லை’ என்பதை நான் தாராளமாகச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்டதும் சிலர் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிகிறதா? இல்லை. யேல் வான் டெர் வூடனின் ‘தி சேஃப்கீப்’ எங்கள் வட்டத்தில் பெரிய சண்டையைக் கிளப்பியது. 2024 புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்று, 2025இல் விமன்ஸ் பிரைஸ் வாங்கிய நாவல். 1961, நெதர்லாந்து. அம்மா விட்டுப்போன வீட்டைக் கரண்டி கரண்டியாக எண்ணிப் பாதுகாக்கிற இசபெல். அவள் அண்ணன் தன் காதலி ஈவாவைக் கொண்டுவந்து அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். முதலில் வெறுப்பு, பிறகு அது வேறொன்றாகிறது. படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. மாட்டுங்கா மாமா அந்தப் பக்கங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆனால் மொழிபெயர்க்க முடியாத அளவுக்கு நல்ல உரைநடை என்றார். என் சிக்கல் அது அல்ல. அந்த நாவலில் உண்மையில் சொல்ல வேண்டிய கொடுமை கதையின் முடிச்சுக்குள் இருக்கிறது. சொன்னால் கதை அவிழ்ந்துவிடும். சொல்லாவிட்டால் பெரியம்மா மாதிரி ஒருவர் ராத்திரி ஒத்தையில் போய் அதில் முட்டிக்கொள்வார். கடைசியில் நான் சொன்னது: “யுத்தத்துக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அது என்னன்னு பாதிக்கு மேல தெரியவரும். இப்பவே தெரியணும்னா கேளுங்க, சொல்றேன்.” ஆறு பேரில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

எந்தக் குறிப்பிலும் அடங்காத வலியும் உண்டு. ஆபீஸில் என் பக்கத்து மேஜை மராத்திக்காரர் சொல்லி சச்சின் குண்டல்கரின் ‘கோபால்ட் ப்ளூ’ படித்தேன். அவர் படித்தது 2006இல் வந்த மராத்தி மூலத்தில், நான் ஜெர்ரி பின்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பில். வீட்டுக்குக் குடிவருகிற ஒருத்தன்மேல் அண்ணனும் தங்கையும், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், காதலாகிறார்கள். அவன் போய்விடுகிறான். அண்ணன் சொல்வது ஒரு பாதி, தங்கை சொல்வது மறுபாதி. கொலையில்லை, கும்பலில்லை. ஆனால் அண்ணன் பாதியைப் படித்த ரெண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ‘காரணம் சொல்லாமல் போவான்’ என்று சீட்டில் எழுதி என்ன ஆகப்போகிறது?

பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு வேறொரு குறிப்பு வேண்டியிருக்கிறது, சொற்களுக்கு. சு.சமுத்திரம் 1990களில் எழுதிய ‘வாடாமல்லி’யை நான் மதிக்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் திருநங்கைகளை நடுவில் வைத்து ஒரு முழு நாவல். ஆனால் ‘திருநங்கை’ என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது. அன்று வாயில் வந்த சொற்கள்தான் அதில் இருக்கின்றன. தெருவில் அந்தச் சொற்களால் அடிபட்டவர்கள் கையில் அதைக் கொடுக்கும்போது ‘காலம் அப்படி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொற்களைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இப்போது பார்க்க இடம் இருக்கிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. இவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் ‘பால்புதுமையினர்’ என்ற சொல்லை முதன்முதலில் எழுதியபோது எனக்கே நாக்கு சுளுக்கியது. பழகிவிட்டது.

போன மாதம் பெரியம்மா தானாகவே கேட்டாள். “அந்தக் கொழும்பு ஆளு எழுதி பிரைஸ் வாங்குனானாமே, பேய் கத. நீ வச்சிருக்கியா?”

ஷெஹான் கருணாதிலகவின் ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா’. 2022 புக்கர். அதற்கு முன் 2020இலேயே இந்தியாவில் வேறு பெயரில் வந்து, அவ்வளவாக யாரும் கவனிக்காமல் போன புத்தகம். யுத்தப் புகைப்படக்காரன் ஒருவன் செத்து எழுந்திருக்கிறான். மேலுலகம் தாசில்தார் ஆபீஸ் மாதிரி இருக்கிறது, கவுன்ட்டர், வரிசை, தள்ளுமுள்ளு. யார் தன்னைக் கொன்றது என்று கண்டுபிடிக்கவும், கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த படங்களை வெளியே கொண்டுவரவும் ஏழு ராத்திரிதான் கெடு. அவனுடைய காதலன் ஒரு தமிழ் மந்திரியின் மகன்.

இந்தத் தடவை எதிரே உட்கார்ந்து சொன்னேன். “பெரியம்மா, 83 வருது. அவன் எடுத்த படங்கள்ல வருது, நடுநடுவுல வந்துக்கிட்டே இருக்கும். சித்திரவதை வருது. பொணத்தைத் துண்டு போட்டு ஏரியில போடுறது ஆரம்பத்துலயே வருது. ‘ஃபன்னி பாய்’ மாதிரி கடைசியில மட்டும் இல்ல.”

கேட்டுக்கொண்டிருந்தாள். “சிரிப்பு வருமாட்டி?”

“நெறைய.”

“அப்பக் குடு.”

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதைத் தொடுவதில்லையாம். மருமகள் சொன்னாள். நேற்று போயிருந்தேன். டீபாய் மேல் பழுப்பு அட்டையோடு கிடந்தது, பாதி தாண்டிய இடத்தில் கொண்டை ஊசி. எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொலையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாவல் முழுக்க ‘நீ எழுகிறாய், நீ நடக்கிறாய்’ என்றே எழுதப்பட்டிருக்கும். அதுதான் அவளுக்குப் பிரச்சினை.

“செத்தவன் அவன். என்னைப் போயி பக்கத்துக்குப் பக்கம் ‘நீ, நீ’ங்கான். இத நீ சொல்லவே இல்லியேட்டி?”